அண்ணி ஊறவைத்த புல்

என் அண்ணி எதையும் முந்தின நாளே ஊறவைத்துவிடுவார். பயறு, அழுக்குத் துணி, அடிப்பிடித்த பாத்திரம், எதுவானாலும். "ஊறினாத்தான் எதுவும் வழிக்கு வரும்" என்பார். "அண்ணனையும் இப்படித்தான் ஊறவச்சீங்களா அண்ணி?" என்று கேட்டு ஒரு வாளித் தண்ணீரைத் தலையில் வாங்கிக் கட்டிக்கொண்டவன் நான்.

நான் குதிரைகளுக்கு லாடம் அடிக்கிறவன். அதே லாயத்தில் குதிரைகளுக்குத் தீனி போடுவது அண்ணியின் வேலை. அங்கே அவருடைய செல்லம் 'மகாராணி' என்ற வயதான பெண் குதிரை. காய்ந்த புல்லின் தூசி அவளுக்கு ஆகாது, இருமித் தள்ளிவிடுவாள். அதனால் அவள் புல்லை மட்டும் அண்ணி வலைப்பையில் அடைத்து, சாயங்காலமே தொட்டியில் அமுக்கிவைத்து, காலையில் தூக்கிப் போடுவார். குளிர்காலம் முழுக்க மகாராணி ஒரு துரும்பு விடாமல் தின்றாள்.

வெயில் ஏறியது. மகாராணி புல்லைக் கண்டதும் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டாள். விலா எலும்பு தெரிய ஆரம்பித்தது. மருத்துவர் பல்லைப் பார்த்தார், காய்ச்சல் பார்த்தார், ஒரு குறையும் இல்லை. அண்ணிதான் விடாமல், "ஊறினது போதல போல" என்று இன்னும் முன்னதாகவே ஊறப்போட்டார். அவள் இன்னும் வேகமாகத் திரும்பிக்கொண்டாள்.

"இந்த வாரமும் தின்னலன்னா வித்துடுறேம்மா. பட்டினி கிடக்கிறதப் பாத்துக்கிட்டு இருக்க முடியாது" என்றார் முதலாளி.

அன்றும் அண்ணி வெயில் தாழும் முன்பே புல்லை ஊறப்போட்டார்.

மறுநாள் காலை, அண்ணி வீட்டில் மறந்துவிட்டுப்போன சாப்பாட்டுப் பையைக் கொடுக்க அண்ணன் லாயத்துக்கு வந்தார். அண்ணி தொட்டியிலிருந்து வலைப்பையைத் தூக்கிக்கொண்டிருந்தார். அண்ணன் மூக்கைப் பொத்திக்கொண்டு நாலடி பின்னால் போனார்.

"என்னம்மா இது, இப்படிப் புளிச்ச நாத்தம் அடிக்குது?"

"எது?"

"நீ கையில வச்சிருக்கிறதுதான்!"

அண்ணிக்குப் பல வருஷமாக மூக்கடைப்பு. தூசி அவருக்கும் ஆகாது. வீட்டில் பால் கெட்டதா, குழம்பு ஊசியதா என்று மோந்து சொல்வது அண்ணன் வேலை. லாயத்தில் அந்த வேலைக்கு ஆள் இல்லை. நானோ சுடச்சுட லாடம் வைக்கையில் குளம்பு கருகும் புகையிலேயே மூக்கைத் தொலைத்தவன். முற்றத்துத் தொட்டியில் கைவிட்டுப் பார்த்தேன். காலையிலேயே தண்ணீர் வெதுவெதுவென்று, விரலெல்லாம் வழுவழுப்பு.

அண்ணி உடனே மருத்துவருக்குப் போன் போட்டார். "வெயில் காலத்துல ராத்திரி முழுக்கவா ஊறவைப்பீங்க? கெட்டுப்போயிடுமே! தூசி அடங்குற அளவுக்குக் கொஞ்ச நேரம் ஊறினா போதும். உடனே குடுத்துடுங்க, மிச்சத்தைக் கொட்டிடுங்க" என்றார் அவர். ஊறவைக்கிறார்கள் என்று தெரியும், விடிய விடிய என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

அண்ணி தொட்டியைக் கவிழ்த்துத் தேய்த்துக் கழுவினார். நானும் அண்ணனும் அதை நிழலுக்கு இழுத்துப் போட்டோம். புதுத் தண்ணீர், புதுப் புல். அது நனையும் அந்தக் கொஞ்ச நேரம் அண்ணிக்கு இருப்புக்கொள்ளவில்லை. பிறகு ஒரு கைப்பிடியை மகாராணியிடம் நீட்டினார். அவள் மோந்தாள். இன்னொரு முறை மோந்தாள். அப்புறம் கையையும் சேர்த்துக் கடிக்காத குறைதான்.

வாரக் கடைசியில் முதலாளி வந்தபோது அவள் காலி வலைப்பையை நக்கிக்கொண்டிருந்தாள். "என்ன மருந்தும்மா குடுத்தீங்க?"

"மருந்தெல்லாம் இல்லைங்க. புளிச்சதைப் போட்டு நான்தான் அவளைப் பட்டினி போட்டேன்" என்று அண்ணி போட்டு உடைத்தார். முதலாளி சிரித்துவிட்டார். விற்கிற பேச்சும் அதோடு நின்றது.

இப்போது ஒவ்வொரு வேளையும் முதல் கைப்பிடி மகாராணியின் மூக்குக்குத்தான். அவள் தலையாட்டினால்தான் வலைப்பை ஏறும்.

"அப்ப என் மூக்குக்கு வேலை போச்சா?" என்றார் அண்ணன்.

"வீட்டுக்கு நீங்க, இங்க இவ" என்ற அண்ணி, குதிரையின் கழுத்தைத் தடவினார். "பாவம், தினமும் மூஞ்சியைத் திருப்பித் திருப்பிச் சொன்னா. நான்தான் அவ அடம் பிடிக்கிறதா நினைச்சேன்."