தேவகியின் லாகினில் ஐந்து பேர்

ஆராய்ச்சி செய்கிறவர்கள் எழுதும்போது ஆட்களின் பெயரை மாற்றிவிடுவோம். இதிலும் மாற்றியிருக்கிறேன். தேவகியின் பெயரை மட்டும் மாற்றவில்லை. அதற்கான காரணத்தைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

1. முதல் நாள்

நான் ஒரு மேலாண்மைக் கல்லூரியில் வியூக மேலாண்மை நடத்துகிறவள். ஒரு கம்பெனிக்குள் புதுத் தொழில்நுட்பம் வந்தால் அங்கே யார் எப்படி மாறுகிறார்கள், எது மாறாமலே கிடக்கிறது என்பதுதான் என் ஆராய்ச்சி. சொன்னால் நன்றாகத்தான் இருக்கும். செய்வதென்றால் காட்டுப்பாக்கத்தில் பஸ் ஏறி, மெட்ரோ வேலைக்காகத் தோண்டிப் போட்ட ரோட்டில் ஊர்ந்து, இன்னொரு பஸ் மாறி, அம்பத்தூர் எஸ்டேட் போய்ச் சேர்வதற்குள் பாதி உயிர் போய்விடும். மீதி உயிரை கேட்டில் இருக்கிற செக்யூரிட்டி வாங்கிவிடுவார். "யாரைப் பாக்கணும்? சொல்லி வெச்சிக்கீறீங்களா?" என்று தினமும் கேட்பார். மாதக்கணக்கில் போனேன், கடைசி நாள் வரை கேட்டார்.

அங்கே வண்டிகளுக்கான ரப்பர் பாகங்கள் செய்தார்கள். புதிதாக ஈஆர்பி போட்டிருந்தார்கள். வாங்குவது, இருப்பு வைப்பது, தயாரிப்பது, அனுப்புவது எல்லாம் ஒரே கம்ப்யூட்டர் அமைப்புக்குள் வந்துவிடும் என்பது அதன் ஏற்பாடு. பொது மேலாளரை எல்லோரும் ஜிஎம் என்பார்கள். நல்ல மனிதர்தான். முதல் நாளே எனக்கு விடையையும் சொல்லிவிட்டார்.

"சாஃப்ட்வேர் நல்ல சாஃப்ட்வேர் மேடம். நம்ம ஆளுங்கதான் மாற மாட்டேங்கறாங்க. ஏன்னு நீங்க கண்டுபிடிச்சுக் குடுங்க."

இதைச் சொல்லாத கம்பெனியை நான் பார்த்ததில்லை. ஆவடியில் சொன்னார்கள், பூந்தமல்லியில் சொன்னார்கள். கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. ஆனாலும் இப்போதுதான் முதல்முறை கேட்கிறவள் மாதிரி தலையாட்டி எழுதிக்கொண்டேன். அதற்குத்தானே எனக்குச் சம்பளம்.

இரண்டு பக்கமும் ஒரே வாக்குக் கொடுத்தேன். மேலே ஆபீசில் பேசுவது கீழே போகாது. கீழே ஆட்கள் சொல்வது மேலே போகாது. யார் பெயரும் வெளியே வராது. எல்லோரும் படிவத்தில் கையெழுத்துப் போட்டார்கள், நானும் போட்டேன்.

2. தூங்கவிடாத கம்ப்யூட்டர்

என்னை உட்கார வைத்தது ஸ்டோர்சில். ரப்பர் வாடை தலைமுடி வரைக்கும் ஏறும் இடம். ஐந்து பேர் மூன்று ஷிஃப்டாக வேலை பார்த்தார்கள், ஒரே ஒரு கம்ப்யூட்டர். அதன் நெற்றியில் ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் காய்ந்துபோய் ஒட்டிக்கொண்டிருந்தன.

அந்த ஐவரில் தேவகி மட்டும்தான் பெர்மனென்ட். மண்ணூர்பேட்டையில் வீடு, நடந்தே வேலைக்கு வந்துவிடுவார். குரலை உயர்த்தினால் ஷெட்டின் அந்தக் கோடி வரை கேட்கும். மற்ற நால்வரும் கான்ட்ராக்ட். அவர்களில் பாபு என்பவருக்கு இரண்டு சின்னப் பிள்ளைகள், பருத்திப்பட்டில் வாடகை வீடு.

அங்கே ஒரு பழக்கத்தைக் கவனித்தேன். யார் எந்த வேலையில் இருந்தாலும் அவ்வப்போது ஓடிவந்து மவுசை ஒரு ஆட்டு ஆட்டிவிட்டுப் போவார்கள்.

"எதுக்கு இதை ஆட்டிக்கிட்டே இருக்கீங்க?" என்று தேவகியிடம் கேட்டேன்.

"ஆட்டலன்னா தூங்கிடும் மேடம். தூங்கிச்சுன்னா மறுபடி எழுப்பறதுக்குள்ள லாரிக்காரன் வாயில இன்னா இன்னாவோ வந்துடும். அதான் லாக் அவுட்டே பண்றதில்ல."

கம்பெனி ஸ்டோர்சுக்கு வாங்கியது ஒரே ஒரு லைசென்ஸ், அதாவது தேவகி பெயரில் ஒரே ஒரு லாகின். ஆளுக்கு ஒன்று என்றால் செலவாகுமாம். பயிற்சியும் தேவகிக்கு மட்டும்தான். அதைக் கற்றுவந்த தேவகி மற்ற நால்வருக்கும் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார், பாஸ்வேர்டையும் கொடுத்தார். அன்றிலிருந்து ஐந்து பேரும் தேவகியின் பெயரிலேயே சரக்கு ஏற்றினார்கள், இறக்கினார்கள், என்ட்ரி போட்டார்கள்.

"நைட் ஷிஃப்ட்ல நான்தான் மேடம் தேவகி அக்கா," என்றார் பாபு.

"டேய், என் பேர்ல ஒயுங்கா தட்டுடா. தப்பு வந்தா என்னியதான் கேப்பாங்க," என்று தேவகி அவர் தலையில் ஒன்று வைத்தார்.

ஆட்கள் மாறவில்லை என்று ஜிஎம் சொன்னார் அல்லவா. மாறாமல் என்ன? இதைவிட எப்படி மாறுவார்கள்? ஆனால் அதை நான் மேலே போய்ச் சொல்ல முடியாது. வாக்குக் கொடுத்திருந்தேன்.

3. மேலே நடந்த கூட்டம்

சில மாதம் கழித்து ஆலோசகர் ஒருவரைக் கூட்டிவந்தார்கள். சின்ன வயது, மடிப்புக் கலையாத சட்டை. ஸ்டோர்ஸ் பக்கம் ஒருநாள் எட்டிப் பார்த்ததாக நினைவில்லை. ஈஆர்பியிலிருந்து விவரத்தை எடுத்துப் படம் போட்டுத் திரையில் காட்டினார். ஒரு பட்டை மட்டும் பனைமரம் மாதிரி நின்றது, பக்கத்தில் நான்கு இடம் காலி.

"ஸ்டோர்ஸ்ல அஞ்சு பேர். ஆனா சிஸ்டத்துல வேலை செய்யறது தேவகி ஒருத்தங்கதான். மத்த நாலு பேர் இதுவரைக்கும் ஒரு என்ட்ரிகூட போடல. அந்த நாலு பேர் நமக்குத் தேவையே இல்ல சார். மாசக் கடைசியில கான்ட்ராக்ட் முடியுது, விட்டுடலாம். தேவகியை இன்சார்ஜ் ஆக்கிடலாம். காலையிலயே போன்ல சொல்லிட்டேன், ரொம்ப சந்தோஷப்பட்டாங்க."

ஜிஎம் என் பக்கம் திரும்பினார். "மேடம், நீங்க அங்கயே உக்காந்து பாத்துக்கிட்டிருக்கீங்க. கரெக்ட்தானே?"

வாயை மூடிக்கொண்டால் நான்கு பேர் வேலை போகும். வாயைத் திறந்தால் தேவகி மாட்டுவார். பாஸ்வேர்டை இன்னொருவருக்குக் கொடுத்தால் நடவடிக்கை என்று படிக்கட்டிலேயே பெரிய எழுத்தில் ஒட்டியிருந்தார்கள். சும்மா இருந்தால் தேவகிக்குப் பதவி உயர்வு வேறு காத்திருக்கிறது.

"சாப்பாட்டுக்கு அப்புறம் சொல்றேன் சார்," என்றேன். ஆலோசகர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பார்த்தால் பார்க்கட்டும் என்று எழுந்து வந்துவிட்டேன்.

4. டிபன் பாக்ஸ்

தேவகி ரேக்குகளுக்குப் பின்னால் அட்டையை விரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"தேவகி, ஒண்ணு கேக்கணும். நீங்க அஞ்சு பேரும் ஒரே லாகின்ல வேலை பாக்கறதை நான் மேல சொல்லலாமா? வேணாம்னா சொல்ல மாட்டேன்."

"ஏன் மேடம் திடீர்னு?"

"ஏன்னு சொல்ல முடியாது. அங்கயும் வாக்குக் குடுத்திருக்கேன்."

கையில் எடுத்த சோற்றை அப்படியே வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். எனக்கு ஒரு சனியன் பிடித்த முகம், எதையும் மறைக்கத் தெரியாது.

"காத்தால அந்த சார் போன் பண்ணாரு. இன்சார்ஜ் ஆவப் போறீங்கன்னாரு. நானும் பூரிச்சிப் போயி எங்க ஊட்டுக்காரர்கிட்ட சொல்லிட்டேன். யாருக்கு இன்சார்ஜுன்னு கேக்காம உட்டுட்டேன் பாருங்க." பிறகு எதிரே பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்த பாபுவைக் கண்ணால் காட்டிக் குரலைத் தாழ்த்தினார். "இதுங்கள அனுப்பப் போறாங்களா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"சொன்னா எனக்கு இன்னா ஆவும்?"

"மெமோ வரலாம். அதுக்கு மேலயும் வரலாம். எனக்குத் தெரியல தேவகி. ஒண்ணும் ஆகாதுன்னு பொய் சொல்ல மாட்டேன்."

டிபன் பாக்ஸையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆசைப்பட்ட பதவி உயர்வு, அதுவும் அன்று காலையில்தான் காதில் விழுந்தது. வேண்டாம் என்று அவர் சொல்லியிருந்தால் நான் குறை நினைத்திருக்க மாட்டேன்.

"சொல்லுங்க மேடம். நான் பெர்மனென்ட். என்னிய சட்டுனு தூக்க முடியாது. இதுங்களுக்கு அப்படியா? நாலு ஊடு மேடம்."

"உங்க பேரைச் சொல்லாம பொதுவா சொல்லிடறேன்."

"பொதுவா சொன்னா, யார் குடுத்தா யார் குடுத்தான்னு நோண்டிகினே இருப்பாங்க. பாபு பயந்துகினு நான்தான்னு ஒத்துப்பான். என் பேரைப் போட்டே சொல்லுங்க. தேவகிதான் பாஸ்வேர்டு குடுத்தா, தேவகிதான் சொல்லிக் குடுத்தான்னு சொல்லுங்க." பிறகு டப்பாவின் மூடியில் கொஞ்சம் எலுமிச்சைச் சோற்றை வைத்து என்னிடம் நீட்டினார். "துன்னுட்டுப் போங்க. வெறும் வயித்துல போயி அவங்ககிட்ட கத்த முடியாது."

5. சொன்னேன்

மேலே போய், தேவகியின் அனுமதியோடு சொல்கிறேன் என்று ஆரம்பித்து, அவர் பெயரைப் போட்டே சொன்னேன். நம்பாமல் பார்த்தார்கள். தேவகி தன் மகளின் வளைகாப்புக்கு லீவு போட்ட நாளை எடுத்துப் பார்க்கச் சொன்னேன். கம்ப்யூட்டர் கணக்கில் அன்று பகலும் இரவும் விடாமல் தேவகி சரக்கு ஏற்றியிருந்தார். ஜிஎம்முக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது.

"சார், இது சீரியஸான விதிமீறல். விட்டா எல்லாரும் பண்ணுவாங்க," என்றார் ஆலோசகர்.

எனக்குக் கோபம் வந்தது. "அஞ்சு பேருக்கு ஒரு லைசென்ஸ் வாங்கினது யாரு சார்? அது எந்த விதியில வருது?"

வாங்கியது ஜிஎம். அவர் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான்கு பேருக்கும் கான்ட்ராக்டை நீட்டித்தார்கள். ஆளுக்கொரு லாகின் வந்தது. தேவகிக்கு மெமோ வந்தது. இன்சார்ஜ் பேச்சு அடங்கிப்போனது. அவரைக் கம்ப்யூட்டர் பக்கமே வரக்கூடாது என்று பேக்கிங்கில் போட்டார்கள். ஐந்து பேருக்கும் அந்த ஈஆர்பியைத் தெரிய வைத்தவர் நாள் முழுக்க நின்றபடி பெட்டிக்கு டேப் ஒட்டினார். நான் ஜிஎம்மிடம் போய்க் கெஞ்சினேன். "நாலு பேர் வேலை தப்பிச்சுதே மேடம், அதோட விடுங்க," என்றார். அன்று பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தும் எனக்கு உட்காரத் தோன்றவில்லை. அப்படி ஒரு மனக்கசப்பு.

6. மூன்றாம் எண்

ஆராய்ச்சிக் கட்டுரை வெளிநாட்டு இதழ் ஒன்றில் வந்தது. தேவகி சம்மதித்திருக்கிறார், பெயரைப் போடலாமா என்று கேட்டு எழுதினேன். விதிப்படி கூடாது என்றார்கள். விதியில் தப்பில்லை, ஆட்களுக்கு ஆபத்து வரக்கூடாது என்றுதான் வைத்திருக்கிறார்கள். தேவகிக்கு வரவேண்டிய ஆபத்து ஏற்கெனவே வந்து முடிந்திருந்தது.

ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு பேக்கிங்குக்குப் போனேன். கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார். இங்கிலீஷ் எழுத்தைக் கூட்டிப் படிப்பார்.

"இதுல நான் எங்க கீறேன் மேடம்?"

காட்டினேன். மூன்றாம் எண் பதிலாளர் என்று இருந்தது.

"மூணா?" விரலை அதன்மேல் வைத்துப் பார்த்தார். "பாபு தட்னதுக்கெல்லாம் என் பேர் வந்துச்சு. நான் பண்ணதுக்கு என் பேர் வரலியா?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டார். நான் ஏதோ விதி, நெறிமுறை என்று முணுமுணுத்தேன். "சரி உடுங்க மேடம், டீ சாப்பிடுங்க," என்று பேச்சை மாற்றினார்.

இளம் ஆராய்ச்சியாளர்களுக்கு நான் கற்றதைச் சொல்கிறேன். பெயரை மறைப்போம் என்று வாக்குக் கொடுங்கள், கட்டாயம் கொடுங்கள். ஆனால் மறைக்கட்டுமா என்று அவர்களிடம் கேட்கவும் செய்யுங்கள். ஒருமுறை கேட்டால் போதாது, விஷயம் மாறும்போதெல்லாம் போய்க் கேளுங்கள். கால் வலிக்கும், பஸ் கிடைக்காது, இருந்தாலும் போங்கள். யார் தலையில் விழப்போகிறதோ அவரைக் கேட்காமல் மேலே வாயைத் திறக்காதீர்கள்.

இதை எழுத உட்கார்ந்தபோது தேவகிக்குப் போன் செய்தேன். இன்னும் பேக்கிங்கில்தான் இருக்கிறார். பாபு இப்போது ஸ்டோர்ஸ் இன்சார்ஜ். தமிழில் எழுதுகிறேன், எந்த இதழின் விதியும் இங்கே இல்லை, உங்கள் பெயரைப் போடட்டுமா என்று கேட்டேன்.

"அன்னிக்கே போடச் சொன்னேனே மேடம். இன்னுமா போடல?"

போட்டுவிட்டேன்.