அண்ணன் செய்துவைத்த கண்

இரண்டு மாதங்களுக்கு முன், எங்கள் தீவு நாட்டின் பா ஊர் மார்க்கெட்டில் என் கணவர் சிவம், கத்திரிக்காய்ப் பையை வேறொரு பெண்ணிடம் நீட்டி, "சலோ, போலாம், பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றார். நான் நாலடி தள்ளி நின்றுகொண்டிருந்தேன்.

அந்தப் பெண் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். சிவம் சிரிக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் உட்காரவைத்துக் கேட்டேன். "எவ்வளவு நாளா இப்படி?"

"ரெண்டு வருஷமா. எல்லாம் ரெண்டு ரெண்டா தெரியுது. லைட்டுக்கெல்லாம் வால் முளைச்ச மாதிரி இருக்கு."

இரண்டு வருஷம். கரும்பு ஆலையில் எலெக்ட்ரீஷியன்... தினமும் வயரைத் தொடுகிற மனிதர். ஏன் சொல்லவில்லை?

"அண்ணனுக்குத் தெரிஞ்சா மனசு ஒடஞ்சிடும்."

விஷயம் இதுதான். 2000-இல் ஆட்சி கவிழ்ந்து எங்களைப் போன்ற இந்திய வம்சாவளியினருக்கு எதிராகக் கலவரம் நடந்தபோது அவர் அண்ணன் குடும்பத்தோடு சிட்னிக்குப் போய்விட்டார். எங்களுக்குக் குடியேற விசா கிடைக்கவில்லை. தம்பியை விட்டுவிட்டு வந்தோமே என்று அவருக்கு உறுத்தல். பிறகு ஒருமுறை தம்பியை வரவழைத்து, இனி கண்ணாடியே வேண்டாம் என்று லேசர் ஆபரேஷன் செய்துவைத்து அனுப்பினார். அந்தக் கண்ணைக் குறை சொல்வதா?

தலைநகர் சுவாவில் ஒரு பெண் கண் டாக்டரிடம் அழைத்துப் போனேன். மறுபடி ராணுவம் ஆட்சியைப் பிடித்ததிலிருந்து அவரும் கனடாவுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். பாதி க்ளினிக் அட்டைப்பெட்டிகளில். நல்லவேளை, கார்னியாவை, அதாவது கருவிழிப் படலத்தை, படம் எடுக்கும் மெஷினை இன்னும் கட்டவில்லை. ஸ்க்ரீனில் வண்ண வண்ணமாக ஒரு படம் – கீழ்ப்பக்கம் சிவப்பாக ஒரு திட்டு.

"கண்ணாடி நம்பர் மாறினது இல்ல இது. லேசருக்கு அப்புறம் கார்னியா பலம் கொறைஞ்சு முன்னால பிதுங்குது. சிலருக்கு இப்படி ஆகும்."

"குருடாயிடுவேனா?" என்றார் சிவம்.

"ஆகமாட்டீங்க. ஹார்ட் கான்டாக்ட் லென்ஸ் போட்டா தெளிவா தெரியும். மேல பிதுங்காம நிறுத்தற வைத்தியம் சிட்னில இருக்கு. சீக்கிரம் போங்க."

சிட்னி. ஆக, சொல்லித்தான் ஆகவேண்டும்.

நானே போனைப் போட்டு ரிசீவரை அவர் கையில் திணித்தேன். "அண்ணே, கண்ணுல ஒரு கோளாறு..." மறுமுனையில் அண்ணன் எனக்கே கேட்கும் குரலில், "மடையா, உன் கண்ணைவிட என் மனசு பெரிசாடா? கெளம்பி வா" என்று அழுதார். இவரும் அழுதார்.

இதை அண்ணன் வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். வைத்தியம் முடிந்தது, இனி மோசமாகாது என்று டாக்டர்கள் நம்புகிறார்கள். லென்ஸும் பொருந்திவிட்டது.

கண்ணைப் பற்றி இரண்டு வருஷம் வாய் திறக்காத மனிதர், என் ரசத்தில் உப்பு குறைந்தால் மட்டும் இரண்டு விநாடி பொறுப்பதில்லை.