ரயிலில் ஒரு வயதுக் கணக்கு

சாம்பியன் ரீப்ஸ் ஸ்டேஷனில் காலை வண்டி ஏறுகிறவர்களுக்கு ஏனோக்கைத் தெரியாமல் இருக்காது. ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு, யார் என்ன பேசினாலும் தலையை ஆட்டியபடி பெங்களூரு வரை வந்துவிடுகிற மனிதர். ஒயிட்ஃபீல்டில் ஒரு கிடங்கில் அக்கவுண்ட்ஸ் வேலை. பி.எஸ்ஸி. கணிதம் படித்தவர். அடுத்து பி.எட். முடித்து வாத்தியாராக வேண்டும் என்று இருந்தார். டிகிரி கைக்கு வந்த வருஷம்தான் அப்பா வேலை பார்த்த தங்கச் சுரங்கத்தை மூடினார்கள். அப்பாவின் சம்பளம் நின்றது, மகன் ரயிலேறினார். அதைச் சொல்லி அவர் குறைபட்டுக்கொண்டது கிடையாது. ஆனால் யார் கையிலாவது கணக்குப் புத்தகத்தைக் கண்டால் மட்டும் கண் அங்கேயே போய் நின்றுவிடும்.

அப்படித்தான் லதா அவர் கண்ணில் பட்டார். ஆண்டர்சன்பேட்டைக்காரர், அவரும் சுரங்கத் தொழிலாளி மகள்தான். ஒரு கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங். பத்தாம் வகுப்பில் கணக்கில் கோட்டைவிட்டுப் படிப்பை நிறுத்தியவர். இப்போது மகள் காலேஜ் போகிறாள். பத்தாவது பாஸ் பண்ணினால் சூப்பர்வைசர் ஆக்குகிறோம் என்று கம்பெனியில் சொன்னதால், எல்லாப் பாடத்துக்கும் புதிதாகத் தனித்தேர்வு எழுதப் பணம் கட்டிவிட்டு, எதிர் சீட்டில் கைடைப் பிரித்து வைத்துக்கொண்டு முழித்துக்கொண்டிருந்தார்.

"குடுங்கம்மா, பாக்கலாம்" என்று ஏனோக் கை நீட்டினார்.

வயதுக் கணக்கு. அப்பாவின் வயது மகனுடையதைப்போல மூன்று மடங்கு. பன்னிரண்டு வருஷம் போனால் இரண்டு மடங்கு. இப்போது யாருக்கு என்ன வயது?

ஏனோக்குக்கு உற்சாகம் பீறிட்டது. "மகன் வயசு எக்ஸ். அப்ப அப்பா வயசு மூணு எக்ஸ். சமன்பாடு எழுதிட்டா முடிஞ்சிபோச்சி." மளமளவென்று எழுதினார். லதா பார்த்துக்கொண்டே இருந்தார்.

"எக்ஸுன்னா இன்னாண்ணா?"

"அதான் சொன்னேனேம்மா. மகன் வயசு."

"அதுதான் தெரிலன்னு போட்டுக்குதே. தெரியாதத எப்பிடி எழுதறது?"

"இதுகூடவா புரியல?" என்று கேட்டுவிட்டார் ஏனோக். மெதுவாகத்தான் கேட்டார். ஆனால் பக்கத்தில் சீட்டு ஆடிக்கொண்டிருந்த நாகேஷ்கூட நிமிர்ந்து பார்த்தான். லதா கைடை மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டார். மறுநாளிலிருந்து அந்தப் பெட்டியில் அவரைக் காணோம்.

அந்த வாரம் முழுக்க ஏனோக்குக்குச் சோறு சரியாக இறங்கவில்லை. கடைசியில் மனைவி ஆனியிடம் சொன்னார். ஆனி வெங்காயம் உரித்தபடி கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சிரித்தாள்.

"நீங்க சமைக்கக் கத்துக்க வந்த கதைதான். உப்பு எவ்ளோ, புளி எவ்ளோன்னு கேட்டீங்க. இன்னா கொழம்புன்னு கடைசிவரைக்கும் கேக்கவேயில்ல. அவங்களுக்கும் நம்பரத்தான் காட்டியிருப்பீங்க."

ஏனோக் அவள் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு வெங்காயத்தை எடுத்தார். "இன்னிக்கு இன்னா கொழம்பு?" என்று கேட்டார்.

திங்கட்கிழமை பெட்டி பெட்டியாகத் தேடிப் போனார். மகளிர் பெட்டிக்கு முந்தின பெட்டியில் லதா இருந்தார். பக்கத்தில் மாலா, ஆஸ்பத்திரி நர்ஸ்.

"அன்னிக்கு நான் அப்பிடிப் பேசினது தப்பும்மா" என்றார் ஏனோக். "இன்னொரு தடவ பாக்கலாமா? எக்ஸ் வேணாம்."

லதா மாலாவைப் பார்த்தார். பிறகு தயங்கித் தயங்கிக் கைடை எடுத்தார். ஏனோக் கணக்கில் இருந்த எண்களையெல்லாம் விரலால் மறைத்துக்கொண்டார்.

"நம்பரே இல்ல. யாரு யாரு இருக்காங்க, இன்னா நடக்குது, அத மட்டும் சொல்லுங்க."

"ஒரு அப்பன், ஒரு புள்ள. ரெண்டு பேருக்கும் வயசாவுது."

"அவ்வளவுதான். இப்ப படம் போடலாம்." வெளியே தூறல், ஜன்னல் கண்ணாடியில் ஆவி படிந்திருந்தது. அதில் பிள்ளைக்கு ஒரு கட்டம், கீழே அப்பாவுக்கு மூன்று கட்டம் வரைந்தார். "ரெண்டு பேருக்கும் எவ்ளோ வித்தியாசம்?"

"ரெண்டு கட்டம்."

"பன்னெண்டு வருஷம் போனா அது மாறுமா?"

லதா கண்ணாடியில் இருந்த கட்டங்களை விரலால் எண்ணினார். "எப்பிடி மாறும்? எனக்கும் எம் பொண்ணுக்கும் அன்னிக்கும் அதேதான், இன்னிக்கும் அதேதான்." சட்டென்று நிமிர்ந்தார். "அப்பன் ரெண்டு மடங்கு ஆவுறப்ப, வித்தியாசம் புள்ள வயசு அளவு இருக்கும். அப்ப புள்ளைக்கு அன்னிக்கு ரெண்டு கட்டம். இப்ப ஒண்ணு. நடுவுல ஒரு கட்டம் வளந்துக்குது. அதுதான் பன்னெண்டு."

"அப்ப?"

"புள்ளைக்குப் பன்னெண்டு. அப்பனுக்கு முப்பத்தாறு." லதா புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மாலா அவர் தோளைத் தட்டினாள்.

ஏனோக்குக்குக் கண்ணாடியைத் துடைக்க மனம் வரவில்லை.

அதற்குப்பின் தினமும் பாடம்தான். நாகேஷும் சீட்டுக்கட்டோடு அந்தப் பெட்டிக்கே வந்துவிட்டான். "எதுக்குண்ணா படம்? சும்மா ஒரு வயசு போட்டுப் பாரு. சரியா வரலன்னா ஏத்தி எறக்கு" என்பான். முன்பு என்றால் இதெல்லாம் கணக்கா என்று ஏனோக் சீறியிருப்பார். இப்போது, போட்டுப் பார்த்தது ஏன் பொருந்தவில்லை, ஏற்றுவதா இறக்குவதா என்று எப்படித் தெரியும் என்று அவனையே சொல்லவைத்தார். அதுவும் ஒரு வழிதான் என்று லதாவிடம் சொன்னார்.

மூன்று கோயிலிலும் கையிலுள்ள பூவில் பாதியை வைத்துவிட்டு மிச்சத்தோடு வீடு வந்த பெண்ணிடம் முதலில் எத்தனை பூ இருந்தது என்ற கணக்கில் லதா திணறியபோது, கடைசியிலிருந்து திரும்பி வரச் சொன்னார். "உங்கப்பா சுரங்கத்துல கேஜ் லிஃப்டுல எறங்கின லெவலெல்லாம் தாண்டித்தானே மேல வருவாரு? அதே மாதிரி. பாதியாக்கின எடத்துல இரட்டிப்பாக்குங்க." லதா வீட்டு வாசலிலிருந்து ஒவ்வொரு கோயிலாகப் பின்னால் நடந்து பூவைச் சேர்த்துக்கொண்டே போனார். பரீட்சைக்கு நாள் நெருங்கியபோது, எக்ஸையும் அவரே கேட்டு வாங்கிக்கொண்டார். "அந்தக் கட்டத்துக்குப் பேரு வெச்சா எக்ஸு. இவ்ளோதானா?"

முடிவு வந்த காலையில் லதா செல்போனை நீட்டியபடி ரயிலேறினார். கணக்கில் பாஸ். அறிவியலில் போயிருந்தது.

"எனக்கு அறிவியல் வராதும்மா" என்று ஏனோக் கையைப் பிசைந்தார்.

"நான் எதுக்கு இருக்கேன்?" என்று மாலா லதாவின் பையிலிருந்து அறிவியல் கைடைப் பிடுங்கிக்கொண்டாள். அடுத்த தேர்வில் அதுவும் தேறியது.

சூப்பர்வைசர் ஆனபின் லதாவின் ஷிப்ட் மாறி, வேறு வண்டிக்குப் போய்விட்டார். ஆனால் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஆண்டர்சன்பேட்டை சர்ச் ஹாலுக்கு வந்துவிடுவார், தன்னிடம் வேலை பார்க்கும் பெண்களில் பத்தாவது எழுதப்போகிறவர்களைக் கூட்டிக்கொண்டு. பாஸ்டரிடம் பேசி ஹாலுக்கு அனுமதி வாங்கியது ஆனி. பாடம் ஏனோக்கின் பொறுப்பு, டீ அவள் பொறுப்பு.

போன ஞாயிறு ஒரு பெண் தப்பான விடையை எழுதி, கையால் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஏனோக் நாற்காலியை இழுத்து அவள் பக்கத்தில் போட்டுக்கொண்டார்.

"இது எப்பிடி வந்திச்சுன்னு சொல்லும்மா" என்றார். "எனக்கு அவசரமில்ல."