பின்வண்டிக்கு முன்னால்

தையல் மாஸ்டருக்கு அளவெடுக்க ஒரு டேப் போதாது என்று கடையில் அவர் முகத்துக்கு நேராகவே சொல்வார்கள். "துணிக்காரன் பிழைக்கட்டும்டா" என்று அவரும் சிரிப்பார். அக்காவின் சிறுநீரகம் இரண்டும் கைவிட்ட பிறகுதான் அந்தச் சிரிப்பு நின்றது. என்னுடையதில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள் என்று முதல் ஆளாகப் போய் நின்றார். டாக்டரம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"கிட்னியெல்லாம் பொருந்துது. ஆனா இந்த உடம்போட உங்களை மேசையில படுக்க வைக்க மாட்டேன். குறைச்சுட்டு வாங்க."

வாயைக் கட்டினார். எடை கொஞ்சம் இறங்கியது. பிறகு அடம்பிடித்து நின்றுவிட்டது. அந்தச் சமயத்தில்தான் ஆஸ்பத்திரிக்கு டயாலிசிஸ் இயந்திரம் வாங்க நடைப்பயணம் அறிவித்தார்கள். விடியலில் அணைக்கட்டில் கிளம்பி, பொழுது சாய்வதற்குள் ஆஸ்பத்திரி வாசலைத் தொட வேண்டும். அதை முடித்துக் காட்டிவிட்டால் டாக்டரம்மா மறுபேச்சுப் பேச மாட்டார் என்று மாஸ்டர் மனசுக்குள் முடிவுகட்டிக்கொண்டார். பெயர் கொடுத்த எல்லாரையும் போல அவரும் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்தார்.

நடப்பதற்கென்று தாமே ஒரு கால்சட்டை தைத்தார். அவருடைய கால்சட்டைகள் தொடை உரசி உரசி உள்பக்கம்தான் முதலில் நையும். அதனால் அங்கே ஒட்டுத்துணி வைத்து, மடித்து, வரிசை வரிசையாகத் தையல் ஓட்டினார். "இது ஜென்மத்துக்கும் கிழியாது" என்று கடையில் தட்டிக் காட்டினார். அது கிழியவில்லைதான். வெயில் ஏறி வியர்வை ஊறியதும், அந்தத் தடித்த தையல் அரம்போல அவர் தொடையை ராவ ஆரம்பித்தது. எத்தனையோ பேருக்குத் தைத்த கை. தன் உடம்பு என்று வந்தபோது துணியைப் பற்றி மட்டுமே யோசித்திருந்தது.

பாதி வழியிலேயே காலை அகட்டி வைத்துத்தான் நடக்க முடிந்தது. கூட்டம் எப்போதோ கண்ணுக்கு மறைந்துவிட்டது. முடியாதவர்களை ஏற்றிக்கொள்ளும் பின்வண்டி மட்டும் முதுகுக்குப் பின்னால் உருண்டு வந்தது.

"அண்ணே, ஏறிக்கங்க. ஏசி போட்டிருக்கேன்" என்று டிரைவர் தலையை நீட்டினான்.

"நீ முன்னால போ தம்பி."

"எப்படிப் போறது? உங்களுக்குப் பின்னால வர்றதுதானே என் வேலையே? சைக்கிள்காரன் எல்லாம் என்னைப் பார்த்துச் சிரிக்கிறான்."

"என்னைப் பார்த்துச் சிரிக்கிறான்டா. நீ பங்குக்கு வராதே."

அக்கா போன் செய்தாள். அன்று அவளுக்கு டயாலிசிஸ் முறை. "எங்கடா இருக்கே? மூச்சு இப்படி வாங்குது. வண்டியில ஏறித் தொலையேன்டா!"

"வந்துட்டேன்க்கா, இதோ திருப்பத்துல இருக்கேன்" என்று புளுகினார். ஏறிவிட்டால் டாக்டரம்மாவிடம் எந்த முகத்தோடு போய்க் கேட்பது?

ஆஸ்பத்திரி வாசலைத் தொட்டபோது பந்தல் கம்புகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். டிரைவர் ஒருவன்தான் ஹாரன் அடித்துக் கைதட்டினான். வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த டாக்டரம்மா அவரைக் கண்டதும் காரிலிருந்து இறங்கினார்.

"முடிச்சுட்டேன் டாக்டரம்மா. வண்டியில ஏறவே இல்லை. வேணும்னா இவனைக் கேளுங்க. இப்ப எடுத்துக்குவீங்கதானே?"

"காலையிலேயே உங்களை நிறுத்தணும்னு தேடினேன். கூட்டத்துல கிடைக்கல."

"என்னையா கிடைக்கல?"

டாக்டரம்மா சிரிக்கவில்லை. "உங்க ரத்தத்துல சர்க்கரை ரொம்ப ஏறியிருக்கு. ரெண்டு தடவை பார்த்துட்டோம். இனி எடை குறைஞ்சாலும் உங்ககிட்டருந்து எடுக்க மாட்டோம். உங்களுக்கு இருக்கிற ரெண்டும் உங்களுக்கே வேணும்."

மாஸ்டர் தலையை ஆட்டினார்.

சுவரைப் பிடித்துப் பிடித்து வார்டுக்குப் போனார். அக்கா அவர் நடையைப் பார்த்ததுமே கண் கலங்கினாள். "கோட்டி பிடிச்சவனே, என்னடா இது கோலம்?" என்று திட்டிக்கொண்டே, இயந்திரத்தில் மாட்டாத கையால் கட்டிலில் இடம் காட்டினாள். அவர் உட்காரவில்லை, உட்கார்ந்தால் தொடை எரியும்.

"டாக்டர் என்ன சொன்னாங்க?"

"குறைச்சுட்டு வரச் சொன்னாங்க."

"குறைச்சிடுவேடா. நான் இருப்பேன், நீ மெதுவா குறை" என்றாள் அக்கா.

அவளுடைய ரத்தம் குழாய் வழியே வெளியே போய்ச் சுற்றிக்கொண்டு மறுபடி உள்ளே வந்துகொண்டிருந்தது. மாஸ்டர் அதையே பார்த்தபடி நின்றார்.