எல்லாம் பச்சைக் கரை போர்வை

குழந்தை பிறந்து சில மாதம் கழித்து வேலைக்குத் திரும்பிய முதல் நாள், எனக்கு எல்லாமே மறந்துபோயிருந்தது. தொண்ணூறுகளின் கடைசி. கோவையில் ஒரு மாடி அறையில் நாலைந்து கம்ப்யூட்டர்களை வைத்து நடந்த சின்ன அலுவலகம். அங்கே பெர்ல் மொழியில் நிரல் எழுதுவது என் வேலை.

"இன்னொரு வருசம் ஊட்டோட இருந்துக்க கண்ணு, வேலை எங்க போயிருது," என்று மாமியார் அன்பாகத்தான் சொன்னார். அன்பாகச் சொன்னதால் சண்டை போடவும் வழியில்லை. கணவருக்கு லேத் பட்டறையில் மதிய ஷிப்ட். காலையில் அவர் குழந்தையைப் பார்த்துக்கொண்டு, பால் குடிக்க அலுவலகத்துக்குத் தூக்கி வந்து, பிறகு மாமியாரிடம் விட்டுவிட்டுப் பட்டறைக்குப் போவதாக ஏற்பாடு.

"சரிப்பட்டு வரலீன்னா, நீங்க வர்றப்பவே வேலை வேண்டாம்னு சொல்லிப்போட்டு உங்க கூடவே வந்தர்றனுங்க," என்று கிளம்பும்போதே சொல்லியிருந்தேன். அவர் சரியென்று தலையாட்டினார்.

சென்னிமலைப் போர்வை வியாபாரி ஒருவருக்கு இணையப் பக்கம் செய்துகொண்டிருந்தோம். கோப்பில் இருக்கும் போர்வைகளின் நிறத்தையும் நீளத்தையும் படித்துத் திரையில் வரிசையாகக் காட்ட வேண்டும். நான் எழுதியதை ஓட்டினால், மேலிருந்து கீழ்வரை பச்சைக் கரை போட்ட ஒரே போர்வை. முதலாளி எட்டிப் பார்த்தார்.

"ஏனுங்க மேடம், மத்ததெல்லாம் வித்துப்போச்சுங்களா?"

கேலிதான். ஆனாலும் கண்ணில் நீர் முட்டிக்கொண்டது. மார்பு வேறு பால் கட்டி வலித்தது. திருத்தத் திருத்தப் பச்சைக் கரையே வந்தது. அந்தப் போர்வையைக் கிழித்துப்போடலாம் போல ஆத்திரம்.

கணவர் வந்தார். அட்டைப்பெட்டிகள் அடுக்கிய அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு பால் கொடுத்தேன். வேலையை விடுவதாக முதலாளியிடம் எப்படிச் சொல்வது என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன். குழந்தை மடக் மடக்கென்று குடிக்க வலி இறங்கியது. வலி இறங்கிய பிறகுதான் புத்தியும் வேலை செய்தது.

ஒவ்வொரு போர்வையின் விவரத்தையும் ஓர் அர்ரேயில், அதாவது கம்ப்யூட்டரின் நினைவில் ஒரு பெட்டி மாதிரியான இடத்தில், போட்டு, அந்த அர்ரே இருக்கும் இடத்தை மட்டும் பெரிய பட்டியலில் குறித்து வைத்திருந்தேன். ஆனால் அர்ரே ஒன்றுதான். அதையே அழித்து அழித்து எழுதியிருக்கிறேன். வந்தவருக்கெல்லாம் ஒரே தம்ளரில் காபி ஊற்றினால் கடைசியாக ஊற்றியதுதானே அதில் இருக்கும்? கோப்பில் கடைசியாக இருந்தது பச்சைக் கரை. ஒவ்வொரு போர்வைக்கும் புது அர்ரே வேண்டும். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. குழந்தை குடிப்பதை நிறுத்திவிட்டு என்னை முறைத்தது.

ஏப்பம் விட வைத்துக் கணவர் கையில் கொடுத்துவிட்டு இடத்துக்கு ஓடினேன். அர்ரேயை உண்டாக்கும் வரி, ஒவ்வொரு போர்வைக்கும் திரும்ப ஓடும் சுற்றுக்கு வெளியே இருந்தது; அதை உள்ளே நகர்த்தி ஓட்டினேன். சிவப்பு, மஞ்சள், ஊதா என்று எல்லாப் போர்வைகளும் தனித்தனியாக வந்து நின்றன. அப்போதுதான் நிஜமாக அழுதேன்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தேன். குழந்தை அவர் தோளில் தூங்கிவிட்டிருந்தது. அவர் என் முகத்தை ஒருமுறை பார்த்தார்.

"நாளைக்கும் இதே நேரத்துக்குத் தூக்கியாரட்டுமா, அம்மணி?"