முன் இடது சக்கரத்தில் காற்று குறைவு

சென்ற ஞாயிற்றுக்கிழமை என் தங்கை வசந்தியின் மகளுக்குக் காதுகுத்து. பட்டுக்கோட்டையில், அவர்கள் வீட்டிலேயே. ஒன்பதிலிருந்து பத்தரைக்குள் நல்ல நேரம்.

காதுகுத்தில் யார் வராவிட்டாலும் சமாளித்துவிடலாம். தாய்மாமன் வராவிட்டால்? குழந்தை உட்கார வேண்டியதே அவன் மடியில்தானே. வசந்திக்குக் கூடப்பிறந்தவன் நான் ஒருவன்தான். அதாவது, அந்தக் குழந்தைக்கு இருப்பது ஒரே ஒரு மடி. அது எட்டு மணிக்குத் தஞ்சாவூரிலிருந்து காரில் கிளம்பியது. பக்கத்தில் என் மனைவி கலா.

ஒரத்தநாடு தாண்டினோம். சம்பா அறுவடை நேரம். ரோட்டில் பாதி அகலத்துக்கு நெல் காய்கிறது, மீதியில்தான் நாம் போக வேண்டும். அப்படி ஒதுங்கி ஒதுங்கி ஓட்டிக்கொண்டிருந்தபோது... பீப்.

இங்கே ஒரு சின்ன அறிமுகம். என் காரின் நான்கு டயர்களிலும் வால்வு மூடிக்குப் பதிலாக நான்கு சென்சார்கள் இருக்கின்றன. டயரில் எவ்வளவு காற்று இருக்கிறது என்று உள்ளே ஒரு குட்டித் திரையில் காட்டும். குறைந்தால் கத்தும். சிங்கப்பூரில் இருக்கும் கலாவின் தம்பி வாங்கி வந்து மாட்டிவிட்ட பரிசு. அன்றிலிருந்து நான் கீழே குனிந்து டயரில் காற்று இருக்கிறதா என்று பார்த்ததே இல்லை. எதற்குப் பார்க்க வேண்டும்? அதான் திரை இருக்கிறதே.

முன் இடது சக்கரம் – 26 என்றது திரை. மற்ற மூன்றும் 33.

"வண்டி பின்னாடிதாங்க இழுக்கற மாதிரி இருக்கு" என்றாள் கலா.

"உனக்குத் தெரியுமா, மெஷினுக்குத் தெரியுமா?" என்றேன். இந்தக் கேள்வியைக் கல்யாணமான யாரும் சரியான பதிலை எதிர்பார்த்துக் கேட்பதில்லை.

நல்லவேளை, கொஞ்ச தூரத்தில் ஒரு பஞ்சர் கடை. நடத்துவது ஐம்பது வயதுப் பெண்மணி. சேலைக்கு மேல் முழுக்கைச் சட்டை போட்டிருந்தார். முன் இடது மூடியைக் கழற்றி, காற்றை அளக்கும் கேஜை வைத்துப் பார்த்தார்.

"முப்பத்து மூணு இருக்கு சார். நல்லாத்தான் இருக்கு."

"இல்லம்மா, திரையில இப்ப இருபத்து நாலுக்கு இறங்கிடுச்சு. உங்க கேஜ்தான் பழசாயிருக்கும்."

அவர் என்னைப் பார்த்தார். கேஜைப் பார்த்தார். "அடிக்கச் சொல்றீங்களா?"

"அடிங்க."

அடித்தார். நாற்பது வரை ஏற்றி மூடியை மாட்டினார். நான் சீட்டில் உட்கார்ந்து திரையைப் பார்த்தேன். முன் இடது 23. ஆனால், பின் வலது 40.

நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? இறங்கி ஒரு நிமிஷம் யோசித்திருப்பீர்கள். நான் மணி பார்த்தேன். ஒன்பதேகால்.

"பின்னாடி வலதுல காத்து ஏறிக்கிடக்கும்மா. கொஞ்சம் இறக்கிவிடுங்க. அளவெல்லாம் பாக்க வேணாம், நேரமில்லை."

"சார், முன்னாடி அடிச்சா பின்னாடி எப்படி ஏறும்?"

"இறக்குங்கம்மா."

ஒரு கையால் தலையில் தட்டிக்கொண்டு மறு கையால் வால்வு ஊசியை அமுக்கினார். 'ஸ்ஸ்' என்று கொஞ்ச நேரம். பிறகு அவராகவே கேஜை வைத்தார். "சார்... இதுல பதினெட்டுதாங்க இருக்கு." மூடியைத் திருகியதும் உள்ளே திரை அலறியது. முன் இடது – 18.

கலா இறங்கி வந்துவிட்டாள். அந்த அம்மா பின் வலது மூடியை மறுபடி கழற்றி உள்ளங்கையில் வைத்துத் திருப்பிப் பார்த்தார். "இதென்னங்க, இடுக்குல குங்குமம் மாதிரி இருக்கு?"

கலா ஒரு விநாடி யோசித்தாள். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தாள். நிறுத்தவே இல்லை.

ஆயுத பூஜை அன்று வண்டியைக் கழுவியபோது நான்கு சென்சாரையும் கழற்றினேன். சும்மா கழற்றவில்லை. ஆயுதம் என்றால் இவையும் ஆயுதம்தானே என்று துடைத்து, வாழை இலையில் வரிசையாக வைத்து, சந்தனம் குங்குமம் இட்டு, சூடமும் காட்டினேன். பூஜை முடிந்ததும் பயபக்தியோடு மாட்டினேன். எதை எதில் மாட்டினேன் என்றுதான் பார்க்கவில்லை. ஒவ்வொன்றிலும் எந்தச் சக்கரத்துக்கு உரியது என்று பொடி எழுத்தில் போட்டிருக்கிறதாம். அதன் மேல்தான் சந்தனத்தை அப்பியிருந்தேன். முன் இடதும் பின் வலதும் இடம் மாறிவிட்டன.

மெஷின் பொய் சொல்லவில்லை. நிஜத்தைத்தான் சொன்னது, விலாசம்தான் தப்பு.

பின் வலது டயரில் ஓர் ஆணி. அந்த அம்மா அதைப் பிடுங்கி, ஓட்டையை அடைத்து, எல்லா டயருக்கும் சரியாகக் காற்று வைத்து, மூடிகளை எழுத்துப் பார்த்து மாட்டச் சொல்லி கலாவிடம் கொடுத்தார். என்னிடம் கொடுக்கவில்லை. "அடுத்த பூசைக்குக் கேஜுக்கும் ஒரு பொட்டு வைங்க சார்" என்றார். அதையும் வாங்கிக்கட்டிக்கொண்டேன், வேறு வழி?

பட்டுக்கோட்டை போய்ச் சேரும்போது பத்து இருபது. ஆசாரி ஊசியோடு காத்திருந்தார். நான் சட்டை மாற்றக்கூட நேரமில்லாமல் உட்கார்ந்தேன். குழந்தை என் மடியில் விழுந்தது, ஊரே கேட்கும்படி அழுதது. பத்தரைக்கு இரண்டு நிமிடம் இருக்கையில் இரண்டாவது காதும் முடிந்தது. எனக்குத்தான் உயிர் வந்தது.

ஆனால், வசந்தி முகம் கொடுத்துப் பேசவில்லை. பந்தியில் எல்லாரிடமும் இரண்டாம் முறை பாயசம் வேண்டுமா என்று கேட்டவள், என் இலையை மட்டும் தாண்டிப் போனாள். லேட்டாக வந்ததற்குக் கோபம் என்று புரிந்தது. பின்கட்டுக்குப் போய், ஆணி, சென்சார், ஆயுத பூஜை என்று முழுக்கதையும் சொன்னேன்.

கேட்டுக்கொண்டே பாத்திரங்களை அடுக்கினாள். "லேட்டுக்கு யாருண்ணே கோவிச்சா? வழியில பஞ்சரானா நீ என்ன பண்ணுவ?"

"பின்ன?"

"பஸ்ல வந்த காலத்துல முந்தின நாளே வந்துடுவ. ராத்திரி உக்காந்து பேசிட்டிருப்போம். கார் வாங்குனதுலேருந்து விருந்தாளி மாதிரி காலையில வர்ற, சாயந்தரம் போயிடற. நேத்து ராத்திரி பாப்பாவுக்கு மருதாணி வைக்கிறப்ப அத்தனை பேரும் இருந்தாங்க. மாமா எங்கன்னு அது கேட்டுக்கிட்டே இருந்துச்சு."

எனக்குச் சுருக்கென்று இருந்தது. எந்தத் திரையிலும் இது வரவில்லையே என்று வாய் வரை வந்தது. நல்லவேளை, சொல்லவில்லை.

ஐந்து மணிக்குக் கிளம்புவதாக ஏற்பாடு. நாலரைக்கு வசந்தி வந்து மேஜை மேல் இருந்த கார் சாவியை எடுத்துப்போய் அரிசி டின்னுக்குள் போட்டு மூடினாள்.

நான் அதை இரண்டு நாள் தேடவில்லை.