கடலுக்கு ஒரு தளபதி, கரைக்கு ஒரு தளபதி

கோவில்பட்டியில் அத்தை வீட்டில் தங்கிப் பள்ளி இறுதி வகுப்பு படித்த வருடம், பேச்சுப்போட்டிக்குச் சீட்டுக் குலுக்கித் தலைப்பு எடுத்தோம். மற்றப் பெண்களுக்குத் தாய்மொழி, கைத்தறி, சிக்கனம் என்று வாய்க்கு வசமாக வந்தன. எனக்கு வந்தது, இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனி பிடித்த நாடுகளின் கடற்கரையை அதன் கப்பற்படை காத்த விதம். சரித்திர டீச்சருக்கே சிரிப்பு வந்துவிட்டது. வேறு சீட்டு எடுக்கச் சொன்னார். கடலையே பார்க்காதவள் என்று பின்னால் ஒருத்தி முணுமுணுத்த பிறகு விட்டுக்கொடுப்பேனா? மாட்டேன் என்றுவிட்டேன்.

அப்பாவுக்கு நாகலாபுரம் பக்கம் மானாவாரி விவசாயம். பரீட்சை முடிந்ததும் என் படிப்பை நிறுத்துவதாக இருந்தார். எனக்கோ பாளையங்கோட்டையில் கல்லூரியில் சேர ஆசை. ஜெயித்தால் மனசு மாறுவார் என்று அவரையும் போட்டிக்கு வரச் சொல்லியிருந்தேன்.

நூலகமே கதியென்று கிடந்தேன். பீரங்கி, கண்ணிவெடி, கான்கிரீட் சுவர் எதுவும் மனசில் ஒட்டவில்லை. ஒரு இடத்தில்தான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். எதிரி தண்ணீரில் இருக்கும்வரை அடிப்பது கப்பற்படையின் பொறுப்பு. கரையேறிவிட்டால் தரைப்படையின் பொறுப்பு. பீரங்கியை எங்கே நிறுத்துவது என்பதிலேயே இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. இது எனக்கு அத்துப்படியான விஷயம். அப்பாவும் பெரியப்பாவும் வரப்புத் தகராறில் முகம் பார்க்காமல் இருந்தவர்கள்.

மேடையில் அதையே சொன்னேன். "எங்கள் ஊரில் ஓர் அண்ணன், ஒரு தம்பி. வரப்பில் நிற்கும் ஆட்டை யார் விரட்டுவது என்று மல்லுக்கு நிற்பார்கள். அதற்குள் ஆடு இருவர் பருத்தியையும் மேய்ந்துவிடும். ஜெர்மன்காரன் கதையும் அதுதான். அதிலும் அவன் காத்தது அடுத்தவன் நிலம். நிலத்துக்குச் சொந்தக்காரன் அவன் முதுகுக்குப் பின்னால் சமயம் பார்த்து நிற்கிறான். எத்தனை பீரங்கி இருந்து என்ன?"

கூட்டம் சிரித்தது. சந்தைக்கு வந்துவிட்டு வேடிக்கை பார்க்க நின்ற எங்கள் ஊர்க்காரர்கள் திரும்பி அப்பாவைப் பார்த்தார்கள். அவர் சிரிக்கவில்லை. ஆனாலும் மணி அடிக்கும்வரை நிறுத்தவில்லை. அதில் எனக்கு இன்றைக்கும் கர்வம்தான்.

முதல் பரிசு கைத்தறிக்குப் போனது. எனக்கு இரண்டாவது. கல்லூரி அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டு நாள் லீவுக்கு நானும் அப்பாவோடு ஊருக்குக் கிளம்பினேன். பஸ் ஸ்டாண்டு வந்ததும் அவர் ஆரம்பித்தார்.

"ஊரே சிரிக்க வச்சிட்டியேட்டி."

"பொய்யா சொன்னேன்?"

"பொய் இல்ல. எங்க ரெண்டு பேத்துக்கிட்டயும் இத மூஞ்சிக்கு நேரா சொல்ல ஊர்ல ஒருத்தனுக்கும் துணிச்சல் வரல."

நாகலாபுரம் பஸ் நிறைந்து வந்தது. அப்பா என்னை முன்னால் ஏற்றிவிட்டு, பஸ் முழுக்கக் கேட்கும்படி கண்டக்டரிடம் சொன்னார்: "அண்ணாச்சி, பிள்ளைக்கு ஒரு சீட்டு பாத்துக் குடுங்க. பாளையங்கோட்டை காலேஜுக்குப் போற பிள்ளை."